ஊறு யாருக்கு? குவிப்புத் தடுப்பு வரியின் சொல்லும் கணக்கும்

விசாரணை தொடங்கும் முன்பே ஒரு சொல் தீர்ப்பை எழுதிவிட முடியும் என்பதற்குப் பன்னாட்டு வணிகச் சட்டத்தில் 'டம்ப்பிங்' என்ற சொல்லைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆங்கிலத்தில் அது குப்பையோடு சேர்ந்து புழங்கும் சொல். தனக்கு வேண்டாததைப் பிறர் வாசலில் கொட்டுவது அதன் முதற்பொருள். தமிழ் நாளேடுகள் அதைப் 'பொருள் குவிப்பு' என்று பெயர்த்தபோது குப்பையின் வாடை போயிற்று, வேறொரு பிழை நுழைந்தது. குவிப்பு என்றால் அளவு. மலைபோல் சரக்கு வந்து இறங்கும் காட்சி. சட்டத்தின் வரையறையிலோ அளவு என்ற பேச்சே இல்லை. ஏற்றுமதியாளர் தம் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு அயல்நாட்டில் விற்றால் அது டம்ப்பிங், அவ்வளவுதான். சரக்கின் அளவு பின்னால், ஊறு பற்றிய ஆய்வில்தான் வரும். ஆக, குற்றத்தின் பெயர் ஒன்று, குற்றம் என்று சொல்லப்படுவது வேறொன்று.

ஜேக்கப் வைனர் 1923இல் இதைப் பற்றி முழு நூலே எழுதினார். நாட்டுச் சந்தைகளுக்கு இடையிலான விலைப் பாகுபாடு என்பதே அவர் தந்த வரையறை. அந்த வரையறையை ஏற்றுக்கொண்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழைந்தால், அலமாரி முழுவதும் டம்ப்பிங் சரக்குதான். அமெரிக்காவில் நூறு டாலருக்கும் மேல் விற்கும் பாடநூல், "இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு" என்ற முத்திரையோடு சில நூறு ரூபாய்க்கு இங்கே கிடைக்கிறது. வெளிநாட்டில் அச்சாகி இறக்குமதியாகும் ஒவ்வொரு பிரதியும் சட்டத்தின் சொல்படி டம்ப்பிங் செய்யப்பட்ட பொருள். வணிகச் சட்ட வகுப்பில் அந்தக் கோட்பாட்டைப் பயிலும் மாணவர் கையில் இருக்கும் பாடநூலும் அதில் சேர்த்தி. இதனால் பாதிக்கப்பட்டோம் என்று எந்த மாணவர் சங்கமும் இதுவரை மறியல் செய்ததில்லை. காலைக் காட்சிக்குக் குறைந்த கட்டணம், முதியோருக்குச் சலுகை, ஆடித் தள்ளுபடி என்று உள்நாட்டில் நாள்தோறும் நடக்கும் விலைப் பாகுபாட்டை எவரும் அநீதி என்பதில்லை. எல்லையைத் தாண்டியதும் அதே செயல் 'நியாயமற்ற வணிகம்' ஆகிவிடுகிறது.

இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக மரபாக வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு. அயல்நாட்டு நிறுவனம் முதலில் நட்டத்துக்கு விற்று உள்நாட்டுப் போட்டியாளரை ஒழித்துக்கட்டும், பிறகு விலையை ஏற்றிக் கொள்ளையடிக்கும் என்பது. வேட்டையாடும் விலை நிர்ணயம் என்று அதற்குப் பெயர். அச்சம் பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை; சோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. சோதிக்கும் கருவியும் உள்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்படி வேட்டை விலை நிறுவப்பட வேண்டுமானால், முதலில் அந்த நிறுவனம் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். அடுத்து, செலவுக்குக் கீழே விற்றிருக்க வேண்டும். மூன்றாவதாக, போட்டியைக் குறைக்கும் அல்லது போட்டியாளரை அகற்றும் நோக்கம் இருக்க வேண்டும். செலவு என்பதற்கு 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பொதுவாகச் சராசரி மாறுசெலவையே அளவுகோலாக வைத்தன. 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ சந்தைக்கு வந்து மாதக்கணக்கில் இலவசமாகச் சேவை தந்தபோது, பார்தி ஏர்டெல் போட்டி ஆணையத்திடம் சென்றது. ஜியோ ஆதிக்க நிலையில் இல்லை என்று சொல்லி 2017 ஜூனில் ஆணையம் அந்தப் புகாரைத் தள்ளிவிட்டது. விலை சுழியமாக இருந்தும் வழக்கு நிற்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே இரட்டை வாழ்க்கைதான். ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து வேட்டை விலையில் விற்றன என்ற வழக்கில் 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அத்தகைய திட்டத்துக்குப் பொருளியல் அறிவுக்கு உகந்த காரணமே இல்லை என்ற போக்கில் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகள் நட்டப்பட்டு, பிறகு என்றோ ஒருநாள் இலாபம் பார்க்கலாம் என்று யார் காத்திருப்பார்கள்? ஆனால் அதே ஜப்பானியத் தொலைக்காட்சிப் பெட்டிகள் மீது 1971 முதலே அமெரிக்காவின் குவிப்புத் தடுப்புச் சட்டம் பாய்ந்திருந்தது. ஒரே நாடு, ஒரே பொருள், இரண்டு சட்டங்கள். ஒன்று கேட்ட ஆதாரத்தை மற்றொன்று கேட்கவே இல்லை.

குவிப்புத் தடுப்புச் சட்டம் எதைக் கேட்கிறது? ஆதிக்க நிலையா, தேவையில்லை. நோக்கமா, தேவையில்லை. இழந்ததைப் பின்னாளில் மீட்கும் வாய்ப்பா, அதுவும் தேவையில்லை. ஏற்றுமதி விலைக்கும் 'இயல்பு மதிப்பு' எனப்படும் ஓர் எண்ணுக்கும் இடையே வித்தியாசம், உள்நாட்டு உற்பத்தியாளருக்கு ஊறு, இரண்டையும் இணைக்கும் காரண உறவு: இம்மூன்றும் போதும். 1974இல் அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தியபின் இன்னொரு வசதியும் சேர்ந்தது. ஏற்றுமதியாளர் தம் சொந்த நாட்டில் முழுச் செலவுக்குக் கீழே செய்த விற்பனைகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். நிலைச் செலவு, நிர்வாகச் செலவு எல்லாம் அடங்கிய முழுச் செலவு அது. 1994ஆம் ஆண்டு உலக வணிக அமைப்பின் ஒப்பந்தமும் இதை அனுமதிக்கிறது. மந்தக் காலத்தில் எந்தத் தொழிற்சாலையும் மாறுசெலவு தேறினால் போதும் என்று ஓடும். ஆலையை மூடிவைப்பதைவிட அதுவே இலாபம் என்பது முதலாண்டுப் பொருளியல் பாடம். அந்தப் பாடத்தின்படி நடக்கும் உள்நாட்டு ஆலைக்கு வங்கி மேலாளர் கைகுலுக்குவார். அயல்நாட்டு ஆலைக்கு வரி விழும்.

'இயல்பு' என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். அடைமொழிகள் அப்பாவிகள் அல்ல. ஒரு விலையை இயல்பு என்று அழைத்தவுடன் மற்றது பிறழ்வு ஆகிவிடுகிறது. ஆனால் அந்த இயல்பு எங்கிருந்து வருகிறது? சீனாவின் உலக வணிக அமைப்பு நுழைவு நெறிமுறையின் 15ஆம் பிரிவைக் காட்டி, சீன நிறுவனங்களின் சொந்த விலைகளையும் செலவுகளையும் ஒதுக்கிவிடுவது பல நாடுகளின் வழக்கம். இந்தியாவிலும் அவ்வாறே. பிறகு இயல்பு மதிப்பை எதைக்கொண்டு கட்டுவது? மூன்றாம் நாட்டு விலை கிடைக்காதபோது, இந்தியாவில் தரப்படும் அல்லது தரத்தக்க விலை என்ற அடிப்படை கைக்கு வருகிறது. நடைமுறையில் அதற்கு இந்திய உற்பத்தியாளரின் செலவையே எடுத்து, அதன்மேல் சிறு இலாபம் கூட்டிக்கொள்கிறார்கள். அதாவது புகார் கொடுத்தவரின் செலவே எதிராளியின் 'இயல்பு' ஆகிறது. எதிராளி அதைவிடக் குறைந்த செலவில் உற்பத்தி செய்தால், அந்தத் திறமையின் அளவே டம்ப்பிங் விளிம்பு என்று அச்சேறுகிறது. தெருவின் ஒரு கோடியில் இருக்கும் தையற்காரர், மறுகோடியில் இருப்பவர் தம்மைவிட மலிவாகத் தைக்கிறார் என்று புகார் கொடுத்து, "இயல்பான கூலி எவ்வளவு?" என்ற கேள்விக்கும் தம் கூலியையே பதிலாக எழுதிக் கொடுப்பது போன்றது இது.

கணக்கு எவ்வாறு குற்றத்தை உண்டாக்கும் என்பதை இந்தியா தன் உடம்பிலேயே பட்டு அறிந்திருக்கிறது. எகிப்து, இந்தியா, பாகிஸ்தான் நாடுகளின் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் வரி விதித்தது. வீட்டுத்துணி ஏற்றுமதியில் பெயர்பெற்ற கரூர் போன்ற ஊர்களுக்கு அது சிறிய செய்தியல்ல. ஐரோப்பா கையாண்ட முறைக்குச் சுழியாக்கல் என்று பெயர். மூன்று வகை விரிப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் உள்நாட்டில் 100 ரூபாய். ஐரோப்பாவில் ஒன்று 80க்கும், ஒன்று 100க்கும், ஒன்று 120க்கும் விற்கிறது. சராசரியில் வித்தியாசமே இல்லை. சுழியாக்கலில் முதல் வகையின் 20 ரூபாய் மட்டும் எண்ணப்படும். மூன்றாம் வகையின் கழித்தல் 20 சுழி என்று எழுதப்படும். 300 ரூபாய் ஏற்றுமதிக்கு 20 ரூபாய், ஏறத்தாழ 6.7 விழுக்காடு டம்ப்பிங். இல்லாத குற்றம் எழுதுகோல் முனையில் பிறந்துவிட்டது. இந்தியா வழக்குத் தொடுத்து, 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பில் வென்றது. பாராட்ட வேண்டிய வெற்றி. அந்த வெற்றியைப் பெற்ற அதே நாடுதான் 1995 முதல் இன்றுவரை உலகிலேயே அதிக எண்ணிக்கையில் குவிப்புத் தடுப்பு விசாரணைகளைத் தொடங்கிய நாடு. எண்ணிக்கை ஆயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. சவுக்கடி பட்டவருக்குச் சவுக்கின் மீது வெறுப்பு வரும் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே.

இந்தியச் சட்டத்தின் நல்ல கூறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1995ஆம் ஆண்டு விதிகள் குறைவான வரி என்ற நெறியை ஏற்கின்றன. டம்ப்பிங் விளிம்பு, ஊறு விளிம்பு இரண்டில் எது குறைவோ அதுவே வரி. அமெரிக்கா இந்த அளவுக்குக்கூட இறங்கி வருவதில்லை. ஆனால் ஊறு விளிம்பைக் கணக்கிட 'ஊறு விளைவிக்காத விலை' ஒன்று வேண்டும். அதில் உள்நாட்டு நிறுவனம் போட்ட மூலதனத்துக்கு 22 விழுக்காடு வருவாய் சேர்க்கப்படுவது நெடுநாள் வழக்கம். விதிகளில் நியாயமான வருவாய் என்றுதான் இருக்கிறது. 22 என்ற எண் அங்கே இல்லை. எல்லாத் தொழிலுக்கும், எல்லா ஆண்டுக்கும், வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அதே 22. சேமிப்பை வங்கியில் வைத்து ஏழு விழுக்காட்டுக்கு ஏங்கும் நாட்டில், 22 விழுக்காட்டுக்குக் கீழே ஈட்டும் நிறுவனம் ஊறுபட்டதாக அரசே கணக்கெழுதுகிறது.

இவையெல்லாம் தாளில் உள்ள கணக்கு. தறியில் எப்படி விழுகிறது என்பதற்கு விஸ்கோஸ் இழையின் கதை போதும்.

விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து பிறக்கும் இழை. அதை நூற்பாலைகள் நூலாக்குகின்றன; ஈரோடு வட்டாரத்து விசைத்தறிகள் அந்த நூலை ரேயான் துணியாக்குகின்றன; பிறகு சாயம், அச்சு, தையல். சங்கிலியின் தலைப்பில் இந்தியாவில் ஏறத்தாழ ஒரே ஓர் உற்பத்தியாளர், கிராசிம். சங்கிலியின் கடைப்பகுதியில் எண்ணற்ற தறிகள். 2010இல் சீனா, இந்தோனேசியா நாடுகளின் விஸ்கோஸ் இழை மீது குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. ஐந்தாண்டில் காலாவதியாக வேண்டிய வரி மறுஆய்வுக்குப் பின் 2016இல் நீட்டிக்கப்பட்டு, 2021 ஆகஸ்டில்தான் நீங்கியது. கிலோவுக்கு அரை டாலர் வரை சென்ற வரி, பதினோரு ஆண்டுகள்.

சட்டத்தின் கண்ணில் இங்கே 'உள்நாட்டுத் தொழில்' என்றால் அந்த ஒரே நிறுவனம். நூற்பாலைகள் உள்நாட்டில்தான் இருக்கின்றன, தொழில்தான் செய்கின்றன; ஆனால் அவை உள்நாட்டுத் தொழில் ஆகா, ஏனென்றால் அவை 'ஒத்த பொருளை' உற்பத்தி செய்யவில்லை, வாங்குகின்றன. 'ஊறு' என்ற சொல்லுக்கும் இதே கதி. இழை விலை ஏறியதால் தறிக்கு வரும் ஊறு சட்டம் அறிந்த ஊறு அன்று. சட்டத்தின் மொழியில் ஊறு என்பது ஒரே எழுவாய் கொள்ளும் வினை. அந்த எழுவாய் எப்போதும் மனுதாரர்தான்.

இழைக்கு வரி, ஆனால் அயல்நாட்டு நூலுக்கு அந்த வரி இல்லை. உள்நாட்டு நூற்பாலை விலையேறிய இழையை வாங்க, அண்டை நாட்டு நூற்பாலை மலிவான இழையை நூலாக்கி இங்கேயே அனுப்பியது. விளைவு எதிர்பார்த்ததே: நூலின் மீதும் குவிப்புத் தடுப்பு வரி கேட்டு மனு வந்தது, விசாரணை நடந்தது. அது கிடைத்தால் அடுத்த மனு துணிக்காரர்களுடையதாக இருக்கும். பாதுகாப்பு இவ்வாறு படிப்படியாகக் கீழே இறங்கும் என்பதை ஆய்வாளர்கள் பலநாள் முன்பே காட்டியிருக்கிறார்கள். இறங்காத ஒரே இடம் சந்தையில் துணி எடுக்கும் பெண். அவருக்கு மனு கொடுக்க அலுவலகம் இல்லை.

இந்தக் கதையின் உச்சக் காட்சி 2020 மார்ச்சில் நடந்தது. இந்தியப் போட்டி ஆணையம் கிராசிம் நிறுவனத்துக்கு 301.61 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விஸ்கோஸ் இழைச் சந்தையில் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்பது ஆணையத்தின் முடிவு. முதற்குற்றச்சாட்டு என்ன? வாங்குவோரிடையே பாகுபாடான விலை வசூலித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. அது அதன் உரிமை. ஆனால் காட்சியைக் கவனிக்க வேண்டும். புது தில்லியின் ஓர் அலுவலகத்தில், அயல்நாட்டார் விலைப் பாகுபாடு செய்கிறார்கள் என்று சொல்லி இந்த நிறுவனத்துக்கு மதில் எழுப்பித் தரப்பட்டிருந்தது. அதே நகரின் இன்னோர் அலுவலகம், மதிலுக்கு உள்ளே இருந்தவர் விலைப் பாகுபாடு செய்தார் என்று கண்டது. இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை.

பாலியெஸ்டருக்கு மூலமான தூய்மையாக்கப்பட்ட டெரெப்தாலிக் அமிலத்தின் கதையும் இதன் உடன்பிறப்பே. உற்பத்தி செய்வோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். நம்பி வாழ்வோர் நாடு முழுவதும். 2020 பிப்ரவரி 1 அன்று வரவு செலவுத் திட்ட உரையில், பரந்த பொதுநலன் கருதி அதன்மீதான குவிப்புத் தடுப்பு வரி நீக்கப்படுவதாக நிதியமைச்சர் அறிவித்தார். முடிவு சரி. ஆனால் 'பொதுநலன்' என்ற சொல் நிதியமைச்சரின் உரையில்தான் வர வேண்டியிருந்தது. வரியை விதிக்கப் பரிந்துரைத்த விசாரணையில் அதற்கு உரிய எடை கிடைக்கவில்லை. பரிந்துரைப்பது வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம், விதிப்பது நிதி அமைச்சகம். கடந்த சில ஆண்டுகளில் நிதி அமைச்சகம் பல பரிந்துரைகளை ஏற்காமல் விட்டது, காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்ல வேண்டும் என்று சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கூற வேண்டியதாயிற்று. வரி விதிக்கும்போது செலவுக் கணக்கு இரகசியம். வரி மறுக்கும்போது காரணம் இரகசியம். நடுவே நிற்கும் நூற்பாலைக்காரர் அடுத்த ஆண்டுக்கு இழை என்ன விலை என்று சோதிடரைத்தான் கேட்க வேண்டும்.

ஈடுசெய் வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நோய் அதேதான், பெயர் சற்று நாகரிகமானது. அயல்நாட்டு அரசு தன் உற்பத்தியாளருக்கு மானியம் கொடுத்தால், அந்த மானியத்தின் அளவுக்கு இறக்குமதி நாடு வரி விதிக்கலாம். சீன வரி செலுத்துவோரின் பணத்தில் இந்தியச் சமையலறைக்கு மலிவாக எஃகுப் பாத்திரம் வந்தால், நட்டம் சீனருக்கு. பயன் பெரும்பாலும் இங்குள்ளவருக்கு. 2017இல் சீனத் துருப்பிடிக்கா எஃகுத் தகடுகள் மீது 18.97 விழுக்காடு ஈடுசெய் வரி வந்தது. 2021இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2022இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஈடு என்ற சொல்லில் நியாயத்தின் மணம் இருக்கிறது. ஆனால் வசூலான பணம் கருவூலத்துக்குப் போகிறதே தவிர, ஊறுபட்டதாகச் சொன்னவருக்கோ விலை கொடுத்தவருக்கோ எந்த ஈடும் இல்லை. அமெரிக்கா ஒருமுறை அந்தப் பணத்தை மனுதாரர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துப் பார்த்தது. 2000ஆம் ஆண்டின் பேர்டு திருத்தம் அது. வழக்குப் போட்டவருக்கு மதிலும் கிடைத்தது, மதிலில் வசூலான சுங்கமும் கிடைத்தது. உலக வணிக அமைப்பு 2003இல் அதைத் தவறென்றது, 2006இல் நீக்கப்பட்டது.

ஆதரவாளர்களின் மிக வலுவான வாதம் இனிமேல்தான். சீனாவின் மிகை உற்பத்தித் திறன் கற்பனையன்று. அரசு வங்கிக் கடன், மாகாண அரசுகளின் போட்டி, உள்நாட்டுத் தேவையின் தேக்கம் எல்லாம் சேர்ந்து எஃகிலும் சூரியத் தகட்டிலும் உலகச் சந்தையை மூழ்கடிப்பதை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஒரு தொழில் ஒருமுறை அழிந்தால் அதன் திறன்களும் தொழிலாளரின் கைப்பழக்கமும் திரும்பி வருவது அரிது. பாடநூலின் வரைபடத்தில் தொழிலாளி ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குக் கோட்டின்மீது நகர்ந்து செல்கிறார். வாழ்க்கையில் அவர் வேலையில்லாமல் ஊர் திரும்புகிறார். தடையற்ற வணிகத்தின் பூசாரிகள் இந்த இடத்தில் காட்டும் அலட்சியமே குவிப்புத் தடுப்புச் சட்டத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதரவு.

ஆனால் இந்த வாதம் உண்மையென்றால், அதற்குரிய கருவி வேறு. பாதுகாப்பு வரி என்று ஒன்று இருக்கிறது. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டுத் தொழிலுக்குக் கடுமையான ஊறு நேர்ந்தால் தற்காலிகமாக விதிப்பது. அது எவரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. பொதுவாக எல்லா நாட்டுச் சரக்குக்கும் பொருந்தும். காலப்போக்கில் குறைய வேண்டும், என்றைக்கு முடியும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். 2025 ஏப்ரலில் தட்டை எஃகுப் பொருள்கள் மீது 200 நாள்களுக்கு 12 விழுக்காடு இடைக்காலப் பாதுகாப்பு வரி வந்தது இவ்வழியில்தான். எஃகு வாங்கும் சிறு தொழிற்கூடங்களின் முறையீடு அங்கும் உண்டு, அந்த முறையீடு நியாயமானது. ஆயினும் அங்கே விவாதம் நேர்மையாக நடக்க முடியும்: யாருக்கு எவ்வளவு காலம் யார் செலவில் மூச்சுவிட இடம் தருவது என்ற கேள்வி வெளிப்படையாக மேசைமீது இருக்கிறது.

அப்படியிருந்தும் நிறுவனங்கள் குவிப்புத் தடுப்பையே நாடுவது ஏன்? அதில் நாடுகளைத் தேர்ந்தெடுத்துக் குறிவைக்கலாம். ஈடாகச் சலுகை எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்ற பெயரில் நீட்டிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனுதாரர் பாதிக்கப்பட்டவராக மேடையேறலாம். குறிவைத்த நாட்டிலிருந்து வரவு குறைந்தால், குறிவைக்காத நாட்டிலிருந்து கூடுகிறது என்று தாமஸ் புரூசா போன்றோர் அமெரிக்கத் தரவைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். உடனே அந்த நாட்டின்மீதும் மனு. சில வழக்குகள் தீர்ப்புக்கு முன்பே திரும்பப் பெறப்படுகின்றன. ஏற்றுமதியாளர் விலையை உயர்த்த ஒப்புக்கொண்டால் மனுதாரருக்கு அதுவே போதும். அப்போது அரசுக்கு வரியும் இல்லை. வாங்குபவர் கூடுதலாகத் தந்தது அயல்நாட்டு நிறுவனத்தின் பெட்டிக்கே போகிறது. நாட்டுப்பற்றின் பெயரால் தொடங்கிய வழக்கு இப்படியும் முடியும்.

விஸ்கோஸ் கதைக்குப் பின்னுரை உண்டு. வரி நீங்கியபின், 2023இல் அதே இழைக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று பெறாத அயல்நாட்டு ஆலை இங்கே விற்க முடியாது. கதவு மூடியது, பலகையில் எழுதியிருந்த சொல் மட்டும் மாறியது: முன்பு 'குவிப்பு', இப்போது 'தரம்'. நூற்பாலைகள் மீண்டும் தொடக்கத்திலிருந்து முறையிட்டன. 2025 நவம்பரில் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

பல்கலைக்கழகங்களில் இந்தச் சட்டம் பயிற்றுவிக்கப்படும் விதம் இந்த நிலைக்குத் துணைநிற்கிறது. சட்டத் துறையில் அது விளிம்புக் கணக்கும் விதி எண்களுமாகச் சுருங்குகிறது. பொருளியல் துறையில் 'விலைப் பாகுபாடு' என்ற ஒற்றை வரியோடும் ஒரு வரைபடத்தோடும் முடிகிறது. தலைமை இயக்குநரகத்தின் இறுதிக் கண்டறிதல்கள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் பயனாளர் தரப்பின் வாதங்கள் சில பத்திகளில் வரும். அவற்றுக்கான பதில் பெரும்பாலும் ஒரே வாய்பாடு. நியாயமற்ற வணிகத்தால் நேர்ந்த ஊற்றை நீக்குவதே வரியின் நோக்கம், இறக்குமதி தடைசெய்யப்படவில்லை, ஆகவே பயனாளருக்குப் பாதிப்பு இராது என்பது அதன் சாரம். பொருள் மாறினாலும் இந்தப் பத்தி மாறுவதில்லை. இதைப் பொருள்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு இங்கே இடம் காத்திருக்கிறது.

சட்டத்தில் திருத்த வேண்டிய இடமும் மறைவானதன்று. 1995ஆம் ஆண்டு விதிகளின் 2ஆம் விதியில் 'அக்கறையுள்ள தரப்பினர்' யார் என்ற வரையறை இருக்கிறது. ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், அயல்நாட்டு அரசு, ஒத்த பொருளின் உள்நாட்டு உற்பத்தியாளர், அவர்களின் சங்கங்கள் என்று பட்டியல் போகிறது. பொருளை வாங்கிப் பயன்படுத்தும் தொழில் அதில் இல்லை. வேறொரு விதியில், தகவல் தர அதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று ஓரமாக ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. பீஜிங்கில் இருக்கும் அரசுக்கு இந்திய விசாரணையில் அக்கறை உண்டு என்று ஏற்கும் விதி, வீரப்பன்சத்திரத்துத் தறிக்காரருக்கு அக்கறை உண்டு என்று ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் வரி விதிக்கும் முன் ஒன்றியத்தின் நலன் என்ற தனிச் சோதனையை நடத்தியாக வேண்டும். கனடாவின் சட்டத்திலும் பொதுநல விசாரணைக்குத் தனிப் பிரிவு உண்டு. இந்திய விதிகளில் பயனாளரை வரையறைக்குள் கொண்டுவருவதும், வரியின் சுமை யார்மீது எவ்வளவு விழும் என்ற கணக்கை இறுதிக் கண்டறிதலின் கட்டாயப் பகுதியாக்குவதும் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே, ஓர் அறிவிக்கையால் செய்யக்கூடியவை.